யூஸ்ட் டு

நான் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி கம்பெனியை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. கார்களுக்குப் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். என்னோடு வேலை செய்த தோழிக்கும் ஊர் பொன்னேரிதான். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். இன்னொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், கேள்வி கேட்கிறவர் வடக்கத்திக்காரர், இங்கிலீஷில்தான் கேட்பார் என்று அவள்தான் வந்து சொன்னாள்.

செல்போனில் வீடியோ போட்டுப் படித்தோம். அதில் ஒரு பாடம் ‘யூஸ்ட் டு’. பழக்கத்தைச் சொல்ல இதுதான் என்று நான் புரிந்துகொண்டேன். எழுதும்போது நடுவில் ‘டி’ உண்டு; பேசும்போது அது பின்னால் வரும் ‘டு’வோடு ஒட்டிக்கொள்ளும். ‘டிட்’ போட்டுக் கேள்வி கேட்டால் எழுத்திலும் அது போய்விடும். உபயோகிப்பதைச் சொல்லும் ‘யூஸ்’ வண்டு ரீங்கரிக்கிற மாதிரி முடிய வேண்டும், இதில் அந்த ரீங்காரம் கூடாது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘ஸ்’தான். சோறு வேகிற நேரமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் படிந்துவிட்டது.

இருவரும் சேர்ந்தே இன்டர்வியூவுக்குப் போனோம். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய முடியுமா என்றுதான் அந்த அதிகாரி என்னை முதலில் கேட்டார். கேள்வி புரிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

“ஐ யூஸ்ட் டு ஸ்டாண்ட், சார்.”

“நவ்?” என்றார்.

இப்போதும் அதே பழக்கம்தானே என்று நினைத்து, “யூஸ்ட் டு, சார்” என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். பிறகு போகலாம் என்று தலையசைத்தார்.

திரும்பும்போது ரயிலில் தோழியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“‘ஐ ஆம் யூஸ்ட் டு ஸ்டாண்டிங்’னு சொல்லணும்க்கா. அந்த ‘ஆம்’ இல்லனா, முன்னல்லாம் நின்னுகினு இருந்தேன், இப்ப முடியலன்னு ஆயிடும்.”

அவள் தன் முறை வந்தபோது அவரிடம் அப்படித்தான் சரியாகச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் தனியாகவே கிளம்பிப் போனேன். என்னால் நிற்க முடியும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றிருந்தது. ஆள் எடுத்து முடித்தாகிவிட்டது என்று செக்யூரிட்டி கேட்டிலேயே அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் தோழி போன் செய்தாள். அவளையும் எடுக்கவில்லை. விசாரித்ததில், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற பெண்களை மட்டும்தான் எடுத்தார்களாம்.

“நீ சரியா சொல்லிகினு வந்திருந்தாலும் இதாங்க்கா” என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் தப்பு என்னுடையது என்று நினைத்திருந்தவரை, அதைத் திருத்திக்கொள்ளலாம் என்றாவது இருந்தது. வயதை என்ன செய்வது?

அவள் இப்போது நடவுக்குப் போகிறாள், அதுவும் கூப்பிட்டால்தான். நான் வீட்டில் இருக்கிறேன். சில சாயங்காலங்களில் வருவாள், டீ குடிப்போம். கம்பெனிப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை.