மாயப் போர்வையைத் திருப்பிக் கொடுத்தவள்

தப்பாகப் பிடித்திருந்த தகட்டை நான் ஏன் சரியாகத் திருப்பிக் கொடுத்தேன்? பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் தினமும் காலையில் இதைத்தான் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். கைதான் செய்தது, நான் செய்யவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கைக்குச் சம்பளம் வாங்குவது நான்தானே.

தகட்டை வாங்கியவர் என் கணவரின் அண்ணன். ஆயர் ஈத்தாமில் கைப்பேசி உறை விற்கும் கடை வைத்திருக்கிறார். கைப்பேசியில் எது வந்தாலும் நம்புவார். நம்பியதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குவார். ஒரு நாள், தோட்டத்தில் நிற்கும் ஓர் ஆள் துணியைப் போர்த்திக்கொண்டதும் காணாமல் போகும் காணொளியை அனுப்பினார். பச்சைத் துணியைப் பிடித்துப் படமெடுத்து, அந்த நிறத்தைக் கணினியில் நீக்கி, ஆளில்லாத தோட்டத்தை அங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று பணிவாகப் பதில் எழுதினேன். நேரில் பார்த்தபோது சொன்னார்:

“நீ படிச்சது உனக்குத் தெரியும்மா. நீ படிக்காததும் உலகத்துல இருக்குல்ல?”

“ஆமாங்க மாமா” என்றேன்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி அறிவியல் விழாவுக்கு அவள் பெயரைக் கொடுத்ததும் அவர்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதால் எங்களைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகட்டோடு வீட்டுக்கு வந்தார். கதவில் முக்கால் உயரப் பிளாஸ்டிக், பால் நிறம், தடவினால் சீப்பின் பற்களைப் போல வரிவரியாக இருந்தது. கூடவே அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு: ‘மாயப் போர்வை: நம் முன்னோர் கண்ட அறிவியல்’. முன்னோர் பிளாஸ்டிக் வார்த்தார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. தேநீர் போடப் போய்விட்டேன்.

அந்தத் தகடு என்னவென்று எனக்குத் தெரியும். லென்ஸ் வழியாகச் சிப்புகளைச் சோதிக்கும் பிரிவில்தான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வரியும் ஒரு மெல்லிய லென்ஸ். வரிகள் செங்குத்தாக நின்றால், பின்னால் இருப்பதன் உருவத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கலைத்துவிடும். நிற்கும் குழந்தை ஒல்லி, அதனால் கலைந்துபோவாள். சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும் நிறமோ அப்படியே தெரியும். சின்ன வயதில் ஆட்டினால் படம் மாறும் ரூலர் வைத்திருந்தோமே, அதே சாமான்தான், அளவு பெரிது.

ஆனால் அவர் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த பேச்சு வேறு. “ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல ஒளி என்னைச் சுற்றிப் போகிறது.” அது எங்கிருந்தோ திருடிய வாக்கியம். அப்படி ஓர் ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கிறது. அலைநீளத்தைவிடச் சிறிய அமைப்புகளை அடுக்கி, நுண்ணலையைச் சிறு பொருளைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் ஒருசேர வளைத்து ஓர் ஆளை மறைக்க இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லா ஒளியும் சுற்றிப் போய்விட்டால் உள்ளே இருப்பவரின் கண்ணுக்கும் ஒன்றும் வராது. முழுமையான போர்வைக்குள் இருப்பவர் குருடர். மாமாவுக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது, போர்வை இல்லாமலே அவர் அப்படித்தான் இருக்கிறார்.

“போலீஸ், ராணுவம் எல்லாம் வாங்கும் லா. பாரு, பத்து வருஷத்துல” என்றார். பள்ளி வேலியோரம் யாரோ நின்று என் பிள்ளையைப் பார்க்க, அந்த ஆள் நிற்பது யாருக்கும் தெரியாத உலகம் வேண்டுமாம் இவருக்கு. தன்னை யாரும் பார்க்காமல் பிறரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யார் என்று இவர் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். நான்தான் அதிகம் யோசிக்கிறேனோ, அதுவும் தெரியவில்லை.

விழா அன்று மண்டபத்தில் அவர் தகட்டைப் படுக்கைவாட்டில் பிடித்தார். வரிகள் தரையோடு இணையாகப் போயின. பின்னால் என் மகள் மேலும் கீழும் இழுபட்டு, பள்ளிச் சீருடையின் நீல நிறப் பட்டையாகப் பளிச்சென்று தெரிந்தாள்.

“தெரியுது! தெரியுது!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“பெரியப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றாள் அவள், தகட்டுக்குப் பின்னாலிருந்து.

“நீ ஆடாம நில்லு. நீ ஆடுறதாலதான்.”

அவர் தப்புக்குப் பழி எட்டு வயதுக் குழந்தை மேல். அங்கேதான் என் கை நீண்டது. எங்கள் வேலையில், எந்தப் பக்கம் வைப்பது என்று காட்ட, சிப்பின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும். சிப்புகளை அடுக்கும் தட்டில் அந்தப் புள்ளி தவறான பக்கம் இருந்தால் யாரும் யோசிப்பதில்லை, கை அதைத் திருப்பி வைத்துவிடும். அப்படியே தகட்டை வாங்கி நிமிர்த்திக் கொடுத்தேன். மகளை இரண்டடி பின்னால் நகர்த்தினேன். சுவர் கீழே பச்சை, மேலே வெள்ளை. இந்தத் தகட்டுக்கு அதைவிட நல்ல சுவர் கிடைக்காது.

அவள் மறைந்தாள். மண்டபமே கைதட்டியது. வெளியே வந்து ஆற்று நீர், பாறை எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நடுவர்களில் ஒருவராவது தகட்டைத் தடவிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். முதல் பரிசு. அடுத்தது பட்டர்வொர்த்தில் மாநிலப் போட்டி.

“பார்த்தியாம்மா? நம்ம ஆளுங்க அறிவு!” என்று மாமா கோப்பையைத் தூக்கிக் காட்டினார். தகட்டைத் திருப்பியது அவர் நினைவிலேயே இல்லை.

மூன்று நாள் கழித்து, வரவேற்பறையில் மகள் தகட்டை நாற்காலியில் சாய்த்து, அதன் பின்னால் தன் பள்ளி ரூலரை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ரூலர் நிமிர்ந்து நின்னா காணோம். படுக்க வெச்சா தெரியுது. ஏம்மா?”

நான் மேசையில் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். அவளே பின்னால் போய் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். உடம்பு இல்லை. காற்றில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் நின்றது.

“கை தெரியுதா?”

“தெரியுது.”

“ஒளி என்னைச் சுத்திப் போகுதுன்னா, கையையும் சுத்தித்தானே போகணும்? பெரியப்பாகிட்ட கேட்டேன். அதெல்லாம் கேக்கக் கூடாது, கையைக் கட்டிக்கிட்டு நில்லுன்னாரு.”

மண்டபத்தில் ஒருவருக்கும் வராத கேள்வி. அறிவியல் விழா என்று ஒன்று இருந்தால் அது அந்த நிமிடம் என் வீட்டில்தான் நடந்தது. படித்த தாய் என்ன சொன்னாள்? “சாப்பாடு ஆறுது, வா.”

கணவரிடம் சொன்னேன். “சின்னப் பிள்ளைங்க போட்டி. அண்ணன்கிட்டப் போயி என்னா சொல்லப் போற? விடு லா” என்றார். அண்ணன் விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ‘விடு’.

மாமாவை நான் இகழ்வது சுலபம். அவர் அறியாமல் செய்தார். நான் எல்லாம் அறிந்து அந்தப் பொய்யை வேலை செய்ய வைத்தேன். அன்று பிள்ளை அவமானப்படக் கூடாது என்று செய்தேனா, ஒரு பொருள் தப்பாக இருப்பதைப் பொறுக்காமல் செய்தேனா, மூத்தவர் முகம் கோணக் கூடாது என்று செய்தேனா, தெரியவில்லை.

இப்போது என் பயம் வேறு. அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். மாலையில் கண்ணாடி முன் கையைக் கட்டிக்கொண்டு, ஆற்று நீரைப் பற்றி அழகாகப் பேசிப் பழகுகிறாள். ஒரு சொல்கூடத் தடுக்குவதில்லை.

போட்டி வரும் சனிக்கிழமை. மேடையில் கையை நீட்டு, எல்லாரும் பார்க்கட்டும், ரூலரைப் பற்றிச் சொல் என்று அவளிடம் சொல்லட்டுமா? சொன்னால் பெரியப்பாவை எதிர்க்கும் வேலையை, எனக்கே துணிச்சலில்லாத வேலையை, அவள் தலையில் வைத்தவள் ஆவேன். நானே ஆசிரியரிடம் போய்ச் சொன்னால், அவளுக்குத் தெரியாமல் அவள் கோப்பையைப் பறித்தவள் ஆவேன். சும்மா இருந்தால் என்ன ஆவேன் என்பது தெரியும்.

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள். ‘விடு’ என்று மட்டும் எழுதாதீர்கள்.