நாலு என்று அடித்த கார்டு

போன சனிக்கிழமை என் உத்தியோகம் மயிரிழையில் தப்பியது.

எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்து ஸ்விட்சைத் தட்டினால் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். அதை நடத்தும் மூல புரோகிராமை முதலில் நம் மெஷினுக்கென்றே தயாரிக்க வேண்டும். பிரிண்டர் எத்தனை, தகவல் பதியும் டேப்பைச் சுழற்றும் டேப் டிரைவ் எத்தனை... எல்லாவற்றுக்கும் கார்டில் துளை போட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதைப் படித்துவிட்டு மெஷின் ஆறு மணி நேரம் வேலை செய்யும். ஒரு பதில் தப்பினால்? மறுபடி முதலிலிருந்து!

பொறுப்பு என் தலையில். நானோ புரொபேஷனில் இருப்பவன். திங்கட்கிழமை சேர்மன் வந்து பட்டனை அழுத்தப் போகிறார். அன்று ஓடாவிட்டால் நான் மாதுங்கா வீட்டிலேயே இருந்துவிடலாம்.

ஆர்டர் செய்தது நாலு டேப் டிரைவ். வந்தது இரண்டு. மற்ற இரண்டும் துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரர்களின் கருணைக்குக் காத்துக் கிடக்கின்றன.

"நாலுன்னே போடுப்பா," என்றார் மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி. "வராமலா போயிடும்? சேர்மனுக்கு நாலுன்னு ரிப்போர்ட் போயாச்சு."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

கார்டு அடிக்கும் செல்வராணி தாராவியிலிருந்து வருகிறவள், திருநெல்வேலிக்காரி. என் தாளைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன சார், ரெண்டுதான நிக்கி? நாலுன்னு அடிக்கச் சொல்லுதிய?"

"அடிம்மா," என்றேன்.

ஒன்பது மணிக்கு ராகுகாலம். எட்டே முக்காலுக்கே ஆரம்பித்துவிட்டோம். அதில் மட்டும் நாங்கள் வெகு ஜாக்கிரதை! பரீட்சையே எழுதாத பிள்ளையைக் கல்யாணக் குறிப்பில் பி.ஏ. என்று போடுகிறவர்கள்தானே நாம்? வரப்போவதை வந்ததாக எழுத நமக்குக் கூச்சமே கிடையாது.

மெஷினுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு அதன் டைப்ரைட்டர் தானாகவே அடித்தது: மூன்றாவது டிரைவில் டேப் மாட்டவும்.

எங்கே போய் மாட்ட? துறைமுகத்துக்கா? டேப் மாட்டும்வரை அது நகராது. டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மேனேஜர் ஓடிவந்தார். "இப்படியே ஓட்ட முடியாதா?"

"முடியாது சார். ரெண்டுன்னு மாத்தி முதல்லேர்ந்து ஓட்டணும்."

"சேர்மன் கேட்டார்னா நான் என்னப்பா சொல்லுவேன்?" அட, இவருக்கும் என்னைப் போலவே உதறலா!

"சரி, மாத்து," என்றார் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல்.

செல்வராணி ஒரு கட்டுக் கார்டை நீட்டினாள். "ரெண்டுக்கு உள்ளத காலையிலயே அடிச்சு வச்சிட்டேன் சார்."

கும்பிடலாம் போலிருந்தது. சாயங்காலம் ஏழரைக்கு வேலை முடிந்தது.

திங்கட்கிழமை சேர்மன் வந்தார். பட்டனை அழுத்தினார். மெஷின் ஓடியது. மேனேஜரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காபி குடித்தார், இருவர் கையையும் குலுக்கினார், போய்விட்டார்.

டிரைவ் எத்தனை என்று மனிதர் எண்ணவே இல்லை!