திவ்யாவுக்குப் போட்ட சீட்டு

பழவேற்காடு ஏரியில் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். எந்த வலைக்கு எந்தப் பாடு என்பதை ஊரே கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். சீட்டு விழுந்த பிறகு யாரும் முணுமுணுக்கக்கூடாது. அந்தச் சீட்டைப் பிரித்துப் படிப்பவர் என் அக்கா புருஷன் ராஜவேலு. எந்தத் தகராறையும் சீட்டுப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. சொந்த மகள் எந்தக் கல்லூரியில் நர்சிங் படிப்பது என்பதற்கும் அப்படித்தான் சீட்டுப் போட்டார். கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அதில் ஒரு சீட்டு நான் கொண்டுவந்தது.

திவ்யா பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு வாங்கியிருந்தாள். சென்னையில் அரசுக் கல்லூரி, நான்கு வருடப் பட்டப்படிப்பு. அதுதான் அவளுக்கு வேண்டும். ஆனால் கவுன்சிலிங்கில் இடம் கிடைக்குமா என்பது அந்தரத்தில் தொங்கியது. அக்கா லோகநாயகிக்கு மிஷன் ஆஸ்பத்திரியின் மூன்று வருட டிப்ளமோதான் சரியென்று பட்டது. அங்கே இடம் நிச்சயம். நானோ நெடுஞ்சாலை ஓரம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியின் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டே வருசம், வேலை கேரண்டி" என்று குதித்துக்கொண்டிருந்தேன். எட்டு நாள் வீட்டில் சண்டை. ஒன்பதாம் நாள் மாமா மூன்று காகிதத்தைச் சுருட்டிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார்.

என் கல்லூரிதான் வந்தது. நான் கைதட்டினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், விசில்கூட அடித்தேன். திவ்யா ஊர்க் கட்டுப்பாட்டில் வளர்ந்த பெண், சீட்டை எதிர்த்து எப்படிப் பேசுவாள்? அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, மண்ணு மேடு தட்டின பாட்டை சீட்டுல சேப்பியா?"

"எவன் சேப்பான்? எறங்கிப் பாத்துட்டுதான் எழுதுவோம்."

"தெரியாம சேத்துட்டா?"

"அந்தச் சீட்டு செல்லாது. திருப்பிப் போடணும்."

அவள் போனை அவர் முன்னால் நீட்டினாள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் கொடுத்த கல்லூரிகளின் பட்டியல். மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் தள்ளிக் காட்டினாள். என் கல்லூரி அதில் இல்லவே இல்லை.

"இங்க படிச்சா நர்ஸுனு பதிவு பண்ண முடியாது நைனா. ரெண்டு வருசமும் தண்டம்."

மாமா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா மாணிக்கம் இது?"

போஸ்டரில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். "அங்கீகாரத்துக்கு அப்ளை பண்ணிக்கிறோம் சார், வந்துடும்" என்றான் எடுத்தவன். மாமா போனை வாங்கினார்.

"உங்கிட்ட படிச்ச ஒரு நர்ஸு பேரு சொல்லு. எந்த ஆஸ்பத்திரில கீறா?"

இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சீட்டு செல்லாது" என்றார் மாமா. "லோகா, சொம்பை எட்னு வா. மீதி ரெண்டையும் போட்டுடலாம்."

அக்கா கொண்டுவந்த சொம்பின் வாயைத் திவ்யா உள்ளங்கையால் மூடினாள்.

"ஏரில எதுக்கு நைனா சீட்டுப் போடுறோம்? பத்து வலைக்காரன் ஒரே எடத்துக்கு அடிச்சிக்கக்கூடாதுனு. இங்க படிக்கப் போறது நான் ஒருத்திதானே? யாருகூட எனக்குச் சண்டை?"

ஊர்க்கூட்டத்தில் மாமாவை மடக்கிய ஆள் இதுவரை இல்லை. மகளைப் பார்த்து அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"அரசாங்க எடம் கெடைக்கலனா?" அக்கா விடவில்லை.

"அடுத்த வருசம் திருப்பிப் போடுவேம்மா."

கவுன்சிலிங்குக்குப் பொன்னேரி நெட் சென்டருக்குப் போனோம். முதல் விருப்பமாக எதைப் போடட்டும் என்று கடைக்காரர் மாமாவைத்தான் கேட்டார்.

"என்னைக் கேக்காதப்பா. அவளைக் கேளு."

திவ்யா நிமிர்ந்து உட்கார்ந்து, சென்னை அரசுக் கல்லூரியின் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

முடிவு வந்த அன்று மாமா ஏரியில் இருந்தார். திவ்யா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"நைனா! கெடச்சிடுச்சி! கவர்மென்ட் காலேஜு!"

மாமா படகில் எழுந்து நின்றார். சுற்றிலும் ஏழெட்டுப் படகுகள். சீட்டு வாசித்துப் பழகிய அந்தப் பெரிய குரலில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்:

"எம்பொண்ணு கேட்ட எடமே குடுத்துட்டாங்கப்பா! அவ கேட்ட எடமே!"

கரையில் நின்று நானும் விசில் அடித்தேன்.