ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கல்யாண மண்டபம் ஒரே இருட்டு. எந்த ஃபிளாஷ் வாங்கலாம்?" என்றான். நான் கேமராவைத் தொட்டே பல வருஷமாகிறது. இருந்தாலும் மதித்துக் கேட்கிறானே என்று பழைய இழுப்பறையைக் குடைந்தேன். உள்ளே கிடந்த ஃபிளாஷில் பேட்டரி கசிந்து காய்ந்த வாடை அடித்தது. அதன் பிறகு அவனிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன்.

2005இல் மரக்காணம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். இருபத்து நாலு வயது. போட்டோ பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு, மூன்றாவதை நானே எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். உப்பளத்தில் வேலை செய்யும் ஏழுமலை வந்து, தங்கை அஞ்சலாட்சிக்குக் கல்யாணம் என்றான். கோயில் மண்டபம், விடியற்காலை முகூர்த்தம். படியிறங்கியவன் திரும்பி வந்து, "அண்ணே, லைட்டு ரொம்ப அடிக்காதீங்க. இருக்கிற வெளிச்சமே போதும்" என்றான். ஃபிலிமைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாளே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் இரண்டு ஃபிளாஷ் எடுத்துவைத்தார். ஒன்று சின்னது, தலையை மேலேயும் பக்கத்திலும் திருப்பலாம். இன்னொன்று பெரியது, நேராக மட்டும்தான் அடிக்கும்.

"தலை திரும்புறத எடுத்துக்குங்க தம்பி. சுவத்துல பட்டு வர்ற வெளிச்சம் மூஞ்சில மெத்துனு விழும்."

நான் பெரியதை எடுத்தேன். அடித்தால் மண்டபமே திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

மண்டபத்தில் இரண்டு டியூப் லைட்டில் ஒன்றுதான் எரிந்தது. மற்றதன் ஸ்டார்ட்டரைக் கழற்றி ஏழுமலை சட்டைப்பையில் வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஜூம் லென்ஸில், "பொண்ணு, இங்க பாரும்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்தேன். அஞ்சலாட்சி ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை சேகரைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். சேகர் பெருமுக்கல் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கும் குடும்பம். ஒரு முறை அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். அந்தப் படம் நன்றாக வந்தது.

மற்றவற்றில் ஆறு படங்களில் அவளுடைய வலது கண் தணல் மாதிரி சிவந்திருந்தது. இருட்டில் நேராக அடித்தால் அப்படி வரும். ஆனால் இடது கண் கறுப்பாகவே இருந்தது. சிவப்பை மறைக்க ஒரு பேனா உண்டு. படத்துக்கு இரண்டு நிமிஷ வேலை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சேகரின் அக்கா ஆல்பம் கேட்டு வந்துவிட்டாள்.

"ஏன் தம்பி, ஒரு கண்ணு மட்டும் இப்படி இருக்குது?"

லேப் தப்பு என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் படித்தவனாயிற்றே.

"சிவப்பா வர்றது நல்ல கண்ணுக்கா. வராததுலதான் கோளாறு இருக்கும். வெளிச்சம் அடிச்சா கண்ணு பாப்பா சுருங்குதான்னு பாத்தா தெரிஞ்சிடும்."

அவள் ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சேகரும் அம்மாவும் அக்காவும் அஞ்சலாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். மாமியார் அவள் மோவாயைப் பிடித்துக்கொள்ள, அக்கா முகத்தருகே குனிந்து, "அடி தம்பி" என்றாள். அடித்தேன். "இன்னொருக்கா." அடித்தேன். ஏழெட்டு முறை இருக்கும். வலது கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஏழு வயசுல குச்சி குத்திடுச்சி. இது வெச்ச கண்ணு" என்றாள் அஞ்சலாட்சி. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவருகிட்ட சொல்லிட்டேன்."

எல்லோரும் சேகரைப் பார்த்தோம். அவன் சுவரில் வரைந்திருந்த அருவியைப் பார்த்தான்.

"எங்கிட்ட சொல்லல."

அவள் என் பக்கம் திரும்பி, "இன்னும் அடிக்கணுமாண்ணே?" என்றாள்.

அன்று மாலையே அவளைக் கொண்டுபோய்த் தாய்வீட்டில் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து சேகர் தனியாக வந்தான். வேறு பெண் பார்க்கிறார்களாம், போட்டோ வேண்டுமாம். "அவ அன்னிக்கே எங்கிட்ட சொன்னாதாண்ணே. அம்மா முன்னாடி எப்படிச் சொல்றது?" என்றான். நான் அவனுக்குச் சீப்பு எடுத்துக் கொடுத்தேன். முகத்தைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, நன்றாகவே எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் ஏழுமலை தன் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டான். "உங்க மேல என்னண்ணே தப்பு, லைட்டு அப்படி" என்றான். நான் பேசியது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, இன்றுவரை. குடும்பப் படத்துக்கு அஞ்சலாட்சியைக் கூப்பிட்டேன். உப்பளத்தில் கூலிக்குப் போய்க் கறுத்திருந்தாள். "என்ன விட்டுட்டு எடுங்க" என்று சொல்லி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. காலி செய்தபோது நெகட்டிவ்களை மூட்டையாகக் கட்டிக் கொளுத்தினேன். மூன்று வருஷத்துக்கு முன் ஏழுமலை தேடிக்கொண்டு வந்தான். அஞ்சலாட்சி காய்ச்சலில் போய்விட்டாளாம்.

"மாலை போட ஒரு படம் வேணும்ணே. கல்யாணத்துல சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்தீங்களே."

இல்லை என்றேன். வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக இருக்கிறது. யாருடைய முகம் என்றே தெரியவில்லை.