பயிற்சிக்காக எனக்கு எழுதிய மெமோ

எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டு, வந்து போன தலைமை ஆசிரியர்களின் கூத்தையெல்லாம் பார்த்து வயிறெரிந்தவள் நான். ஒருவர் காலையில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தென்னந்தோப்பைப் பார்க்கப் பட்டுக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவார். இன்னொருவர் பெண்பிள்ளைகளின் கழிவறைச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே விடுப்பில் போனார். பிள்ளைகள் அன்று முழுவதும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பள்ளியில் அந்த இடம் காலியாகி, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரும் வந்ததும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டில் சத்தமாகவே சொன்னேன்.

பட்டியலில் இருந்தவர்களுக்குத் தஞ்சாவூரில் தங்கிப் படிக்கும் பயிற்சி. ஆசிரியர்களை மாணவர்களாக உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், அந்தக் கண்றாவியை. முதல் மணி நேரத்திலேயே முன்வரிசைக்கு அடித்துக்கொண்டோம். பேத்தி எடுத்தவர்கள்கூடப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாதென்று கையால் மறைத்து எழுதினார்கள். அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் மதிப்பெண் இல்லாமல் ஓர் அறையில் உட்காரும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, பதறாத குரல். மெல்லிய குரலில் பேசிய ஒரு தமிழாசிரியரை எழுப்பி நிற்க வைத்து, "இந்தக் குரல வச்சுக்கிட்டு பியூனக் கூப்பிட்டாக்கூட வரமாட்டான் சார். நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த மனிதர் பிறகு பயிற்சி முடியும்வரை வாயே திறக்கவில்லை.

"இரக்கம் வாத்தியாருக்கு. நாற்காலிக்கு அது ஆகாது. வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் அதையும் குறித்துக்கொண்டோம்.

மறுநாள் அவர், "உங்க பள்ளியில நீங்களே செஞ்ச ஒரு விதிமீறலைச் சொல்லுங்க. உண்மையாச் சொல்லணும். இந்த ரூமை விட்டு வெளிய போகாது" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கேள்வி கேட்டுவிட்டு ஒருவர் காத்திருக்கும்போது எனக்குக் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். பாழாய்ப்போன கை. தூக்கினேன்.

சம்பா நடவு ஓடும்போது என் வகுப்பில் ஒரு பெண் பள்ளிக்கு வரமாட்டாள். அவள் அம்மா நடவு ஆள். இப்போதெல்லாம் மெஷின் நடவுதான், ஆனால் தாழ்ந்த வயலில் மெஷின் புதைந்துவிடும். அங்கே பெண்கள்தான் இறங்க வேண்டும். ஆள் குறைந்தால், நடவுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகும் கங்காணி மொத்தக் கூட்டத்தையும் விட்டுவிட்டு வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவார். அதனால் குறைகிற இடத்தில் மகளை இறக்குவாள் அம்மா. வருகை நாள் குறைந்தால் அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாது. நான் வகுப்பாசிரியை. வந்ததாகப் போட்டுவிடுவேன். இதைத்தான் ஒன்றுவிடாமல் சொன்னேன், வெரி குட் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு.

அவர் சிரித்தார். "அருமை. இப்ப இவங்க உங்க ஸ்டாஃப், நீங்க எல்லாரும் ஹெச்.எம். குழுவாப் பிரிஞ்சு இவங்களுக்கு மெமோ எழுதுங்க. எந்த மெமோவுலேர்ந்து இவங்க தப்பிக்க முடியாதோ, அந்தக் குழுவுக்குக் கைதட்டு."

தாளும் மார்க்கரும் வந்தன. அப்பப்பா, என்ன சுறுசுறுப்பு. என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த பேராவூரணிக்காரி ஒரு குழுவுக்குத் தலைவி. முதல்நாள் இரவு என் எலுமிச்சைச் சாதத்தைப் பாதி சாப்பிட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல போஸ்டிங் வாங்கணும்க்கா" என்றவள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அக்கா, செல்போன் ஆப்ல மட்டும் போட்டீங்களா, ரெஜிஸ்டர்லயுமா?"

"ரெண்டுலயும்தான்" என்றேன்.

இன்னொரு குழு ஒரு விதியைத் தப்பாக எழுதியது. "அது இதுக்குப் பொருந்தாது மேடம்" என்று எழுந்துபோய் நானே திருத்திக் கொடுத்தேன். சொந்தக் குழியைத் தோண்டும்போதும் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஜன்மம் நாங்கள்.

பேராவூரணிக்காரியின் தாள்தான் ஜெயித்தது. பொய்யான பதிவு, பெற்றோருடன் கூட்டு, குழந்தைத் தொழிலாளர் முறைக்குத் துணை போனது என்று அடுக்கியிருந்தாள். பயிற்சி கொடுத்தவர் அதைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த மாதமே மெமோ வந்தது, நிஜமான மெமோ. பொய்யான பதிவு, பெற்றோருடன் கூட்டு, குழந்தைத் தொழிலாளர் முறைக்குத் துணை. வரிசைகூட மாறவில்லை. விசாரணை முடியும்வரை என் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடைசியில் ஒரு வரி. அவளைக் கூப்பிட்டேன்.

"நான் பயிற்சிக்குத்தானேக்கா எழுதுனேன். அவர் எங்க குடுத்தாருன்னு எனக்கெப்படித் தெரியும்? ஆனா அப்படியே வந்திருக்கா? ஒரு வார்த்தைகூட மாத்தலையா?"

அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

எங்கள் பள்ளிக்கு விசாரணைக்கு வந்தவர் பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஒரு தலைமை ஆசிரியர். நல்ல மனிதர், இல்லையென்றால் சோம்பேறி. சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும் அவருக்கு. "மேடம், பயிற்சியில விவாதத்துக்காகச் சொன்ன கற்பனை உதாரணம்னு எழுதிக் குடுங்க. எங்கிட்ட வேற சாட்சி இல்ல. முடிச்சு விட்டுர்றேன். அடுத்த கவுன்சலிங்ல போஸ்டிங் எடுத்துக்கலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கால்வரை சேறு. டீச்சருக்கு ஏதோ பிரச்சினை என்று மகள் சொல்லியிருக்கிறாள். வயலிலிருந்து அப்படியே ஓடிவந்துவிட்டாள்.

"ஐயா, டீச்சரப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க. எம்புள்ள நடவுக்கு வந்த நாளெல்லாம் பள்ளிக்கொடத்துல இருந்தான்னு போட்டுக் குடுத்தவுங்க இவங்கதான். பெத்தவகூட அப்படிச் செய்யமாட்டா."

விசாரிக்க வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வேண்டாமென்று கண்ணால் சாடை காட்டினேன். இன்னும் சொல் என்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"போன வருசமும் போட்டாங்க ஐயா. நாங்க கேக்கக்கூட இல்ல."

"இதை எழுதிக்கலாமாம்மா?"

"நல்லா எழுதிக்குங்க."

அவர் புதுத் தாள் எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்: "நல்லாச் சொன்னனா டீச்சர்? இனிமே பெரிய டீச்சர் வேல ஒங்களுக்குத்தான?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. எனக்கு எரிந்த எரிச்சலில் அவளும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் இருந்தது.

"போச்சு. உங்க வாயாலதான் போச்சு. நீங்க வராம இருந்திருந்தா கெடச்சிருக்கும்."

அவள் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. "நல்லதுன்னு நெனச்சுத்தான டீச்சர் வந்தேன்" என்றாள். நகராமல் நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எம்புள்ள பரிச்ச எழுதலாமுல்ல?"

"எனக்குத் தெரியாது. வரப்போற ஹெச்.எம்.மப் போய்க் கேளுங்க."

வந்தது பேராவூரணிக்காரி. எங்கள் பள்ளியில் எனக்கென்று இருந்த இடம் காலியாகவே இருந்தது, அடுத்த கவுன்சலிங்கில் எடுத்துக்கொண்டாள். அந்த அம்மா போய்க் கேட்டிருக்கிறாள். புது ஹெச்.எம். விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, நான் பொய்யாகப் போட்ட நாட்களையெல்லாம் கழித்து வருகையைத் திரும்பக் கணக்கெடுக்கச் சொன்னாள். நாள் குறைந்தது. தேர்வு எழுதத் தகுதியில்லை என்று அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே வகுப்பாசிரியைதான் கையெழுத்திட வேண்டும். ஹெச்.எம். அறையில், அவள் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு போட்டேன்.