முக்காலியில் இருந்து படிப்பவர்

"செத்துட்டாங்கன்னே எழுதுங்க சார். தூங்கிட்டாங்கன்னு எழுதினா, படிக்கிற பிள்ளை அன்னிக்கு எப்படிக் கண்ணை மூடும்?"

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சித்தி ஓர் எழுத்தாளரோடு மல்லுக்கு நிற்கிறார். மறுமுனை ஏதோ சமாதானம் சொல்கிறது. "நட்சத்திரமா ஆயிட்டாங்கன்னும் வேண்டாம் சார். மழைக்காலம் முழுக்க வானம் மூடிக் கிடந்தா, அது எங்கே போய்த் தேடும்?" மறுமுனை சரணடைந்துவிட்டது என்பது சித்தியின் முகத்திலேயே தெரிகிறது. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, ஒரு வரியை அடிக்கிறார்.

எங்கள் பதிப்பகத்தில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களுக்கு அவர்தான் எடிட்டர். அதே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நாவல்களுக்குப் படம் போடுகிறவன் நான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்துவிடும் அவருடைய அக்கா மகள் 'சித்தி, சித்தி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அலுவலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தலை நரைத்த அச்சகத்துக்காரர்கூட "சித்தி இருக்காங்களா?" என்றுதான் எட்டிப் பார்க்கிறார்.

சாதாரணப் பக்கங்களைச் சித்தி சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிப்பார். கதையில் யாராவது சாகும் இடமோ, அடி வாங்கும் இடமோ, அப்பாவும் அம்மாவும் பிரியும் இடமோ வந்துவிட்டால் அக்கா மகளின் குட்டி முக்காலிக்கு இறங்கிவிடுவார். முழங்கால் இரண்டும் மோவாயை முட்ட, சத்தமாகப் படிப்பார். "இங்கேர்ந்து பாருங்க ஓவியரே, பெரியவங்க எல்லாம் எவ்ளோ பெருசா தெரியறாங்க!" என்பார். பிறகு எழுந்திருக்க முடியாமல் என் மேஜையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஆட்டத்தில் நான் தீட்டிய எத்தனையோ மூக்குகள் கோணிப்போயிருக்கின்றன.

ஒரு நாவலில் அப்பா குடித்துவிட்டு வந்து பையனை அடிக்கிறார். எழுதியவர் பெல்ட்டின் நிறம், கொக்கி, தழும்பு எதையும் விட்டுவைக்கவில்லை. சித்தி பெல்ட் வரிகளை எல்லாம் நீக்கிவிட்டார். பக்கத்து அறையில் தங்கை காதைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டார். "அடி எப்படி விழும்னு தெரிஞ்ச பிள்ளைக்கு நாம சொல்ல வேண்டாம். தெரியாத பிள்ளைக்கு இது போதும். ஆனா அந்தப் பையன் யார்கிட்டயாவது சொல்லணும், கேக்கறவங்க அவனை நம்பணும். அது இல்லாம புஸ்தகம் வெளியே போகாது." முதலாளி கையைப் பிசைந்தார். இதையெல்லாம் பள்ளிக்கூடங்கள் வாங்காது என்றார். "அடி வாங்கற பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்லையா சார்?" என்று சித்தி கேட்டார். முதலாளி டீ குடிக்கப் போய்விட்டார். புத்தகம் வந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பக்கத்தில் யாராவது அழுதால், அடுத்த பக்கத்தில் யாராவது சாப்பிட்டாக வேண்டும். "அழுதா பசிக்கும். பிள்ளைங்களுக்குத் தெரியும், எழுதறவங்களுக்குத்தான் மறந்துபோயிடுது." இதற்கு ஆதாரமாக மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. சோகக் கதை வேலை நடக்கும் வாரங்களில் அது சீக்கிரம் காலியாகும். அக்கா மகளும் நானும் அதனால் சோகக் கதைகளுக்கு எதிரிகள் இல்லை.

எனக்கும் திட்டு விழுந்திருக்கிறது. தாத்தா செத்த அத்தியாயத்துக்கு நான் ஒரு காலி நாற்காலியை வரைந்து, பெருமையாக நீட்டினேன். "நாற்காலி பாவம், ஓவியரே. எத்தனை புஸ்தகத்துலதான் அதுவும் தனியா உக்காந்து அழும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பேரன் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வதாக வரைந்து கொடுத்தேன். சித்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எந்தக் கதையிலாவது பெரியவர்கள் ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னால், அந்த வரிக்குப் பக்கத்தில் சித்தி தவறாமல் ஒரு கேள்வி எழுதுவார்: 'இவளிடம் உண்மையை யார் சொல்லப்போகிறார்கள்?' சாக்குப்போக்குச் சொல்லி அந்தக் கேள்வியிடமிருந்து தப்பித்த எழுத்தாளர் யாரும் இல்லை.

இந்த மழைக்காலத்தில் அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். "சின்னப் பிள்ளைகிட்ட எதுக்கு? அம்மா வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வைப்போம்" என்று அத்தான் முடிவு செய்தார். சித்தியும் தலையை ஆட்டிவிட்டார். ஊரார் எழுத்தில் எல்லாம் மூக்கை நுழைக்கிறவருக்குச் சொந்த வீட்டில் வாய் எழவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அழுதுகொண்டு நிற்கும் அத்தானிடம் எந்தப் பென்சிலை நீட்டுவது?

போன வாரம் மாலையில் அக்கா மகள் முக்காலியில் உட்கார்ந்து, சித்தி திருத்தி முடித்திருந்த ஒரு நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திருத்தங்களோடு படிப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். சட்டென்று நிறுத்தினாள்.

"சித்தி, இங்கே நீ கேள்வி எழுதலையே."

"எங்கே?"

"இந்தப் பொண்ணுகிட்ட அம்மா வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்றாங்க. ஆனா அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. நீ ஒண்ணுமே எழுதலை."

"மறந்துட்டேன் கண்ணு."

"நீ மறக்க மாட்டே."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "எங்கம்மாவும் அங்கேதானே இருக்கா?"

சித்தி எழுந்தார். அவள் கையைப் பிடித்துத் தன் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா. ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. அவளுக்குக் கேன்சர். ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னும் மருந்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அப்பா உன்னைத் திட்டுவாரா?"

"திட்டட்டும். எனக்கு வேணும்."

"அம்மா செத்துடுவாளா?"

'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வரியைச் சித்தி எத்தனையோ கதைகளிலிருந்து நீக்கியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதை அவர் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. சொன்னால்தான் என்ன என்றும் இருந்தது.

"தெரியல கண்ணு. டாக்டருக்கே இன்னும் தெரியல. தெரிஞ்ச அன்னிக்கே உன்கிட்ட சொல்றேன். நாளைக்கு உன்னை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவள் அழுதாள். சித்தியும் அழுதார், முக்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே. நான் வரைகிற தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி கிறீச்சிட்டது. அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினாள். இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். குனிந்து, முதல் பிஸ்கட்டைச் சித்தியின் கையில் வைத்தாள்.