கயிறு கட்டி வந்த போட்

எழுதுவது என் வேலை இல்லை. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பேக்கிங் பகுதியில் நிற்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் இவ்வளவு நீளத்துக்கு எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் தப்பில்லை. வேட்டி சட்டை வைக்கும் அட்டைப் பெட்டியை மடிக்கும்போது சில நாள் எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. என்ன சிரிப்பு என்று பக்கத்தில் நிற்கிற பெண்கள் கேட்டால் வாயால் சொல்ல வருவதில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன், மன்னிக்க வேண்டும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பட்டினப்பாக்கத்தைத் தாண்டி, அடையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் இருந்தோம். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் ஒரு ஃபைபர் போட்டும், அதன் பின்னால் மாட்டுகிற பழைய இஞ்சின் ஒன்றும் இருந்தன. இஞ்சின் யார் யார் கையிலோ இருந்துவிட்டு எங்களிடம் வந்தது. அதன் மூடியில் மூன்று கலர் பெயிண்ட் ஒன்றின் கீழ் ஒன்றாக உரிந்துகொண்டிருக்கும். நைனா தினமும் அதைத் துணியால் துடைப்பார். எங்களைக்கூட அப்படித் துடைத்ததில்லை என்று அம்மா சொல்லுவாள்.

அந்த வருடம் வைகாசியில் இருந்து இஞ்சினுக்கு ஒரு வியாதி வந்தது. வேகமாக ஓட்டினால் நன்றாக ஓடும். வேகத்தைக் குறைத்தால் போதும், மூச்சிரைக்கிற மாதிரி ஏறி இறங்கும், இரண்டு தரம் இருமும், நின்றுவிடும். கரையில் நின்று கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். கடலில் அப்படி இல்லை. திரும்பி வரும்போது அலை உடைகிற இடத்துக்கு வெளியே இஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய அலைகள் போனதும் இடைவெளி பார்த்து ஒரே முறுக்கு முறுக்கிக் கரைக்கு வந்துவிட வேண்டும். காத்திருக்கும்போதே இஞ்சின் நின்றுபோனால் அடுத்த அலை போட்டைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். மெதுவாக ஓடத் தெரியாத இஞ்சினை வைத்துக்கொண்டு வீடு திரும்ப முடியாது.

அதனால் தினமும் எங்கள் போட்டைக் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். இழுத்து வந்தது என் தாய்மாமன், அம்மாவின் அண்ணன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நைனாவும் மாமாவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. வைகாசியில்தான் மாமாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. நைனா கல்யாண வேலையாக ஐஸ் பெட்டி வாங்க மயிலாப்பூர் வரைக்கும் சைக்கிளில் போயிருந்த நேரத்தில் மேடையில் குடும்பப் போட்டோவை எடுத்து முடித்துவிட்டார்கள். "தங்கச்சி புருஷனுக்காக அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ண முடியல இல்ல?" என்று கேட்டுவிட்டு நைனா சாப்பிடாமல் வந்துவிட்டார். மாமா முறைப்படி வாங்கிக் கொடுத்திருந்த வேட்டி சட்டையை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சிவப்புப் பெட்டி, மேலே தங்க நிறத்தில் மயில். நைனா அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெட்டி அலமாரிக்கு மேலே போயிற்று.

கொஞ்ச நாளில் பெட்டியின் மூடியில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருப்பதை அம்மா பார்த்துக் கத்தினாள்.

"எலி கடிச்சிருக்கும்," என்றார் நைனா.

"எலி இவ்ளோ வட்டமாவா கடிக்கும்?" என்று கேட்டாள் அம்மா.

நைனாவுக்கு அவசரமாக வெளியே வேலை வந்துவிட்டது.

கடலில் மாமா கயிறு வீசும்போதும் நைனாவோடு பேச மாட்டார். தன் ஆட்களிடம்தான் சொல்லுவார்: "டேய், அந்தக் கப்பலுக்குக் கயித்த வுடுங்கடா. கேப்டன் வெயிட் பண்ணிக்கினு கீறாரு." நைனா கயிற்றைப் பிடித்துக் கட்டிக்கொள்வார். கூடப் போன ஆட்கள் வழியாக இந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிடும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கயிறு' என்று பேர் வைத்துவிட்டார்கள். டீச்சர் வருகைப் பதிவில் என் பேரைச் சொன்னால்கூடப் பின்னால் இருந்து ஒருத்தன் "கயிறு, உள்ளேன்" என்பான். எனக்குப் பதில் சொல்ல வாய் வராது. அந்தக் கோபத்தை எல்லாம் மாமாமேல் வைத்திருந்தேன். கடல் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, நாங்கள் நிற்கிற இடத்துக்கே எப்படித்தான் சரியாக வந்து சேருகிறாரோ, கேலி செய்வதற்கென்றே வருகிறார் என்று நினைத்தேன்.

மாமியும் அப்போது அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணனுக்கு இப்பல்லாம் கரைக்கு வர மன்சே வர்ல. ஏலக்காரங்க எல்லாம் போனப்புறம் மீனக் கொண்டாந்து போட்டா எவன் வாங்குவான்?" அம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மந்தைவெளிப் பக்கம் விற்கப் போய்விடுவாள். மாமி பாவம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

நைனா இஞ்சினுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. பிளக்கைக் கழற்றித் தேய்த்தார், பிறகு புதிதாகவே போட்டார். மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்று அம்மாவின் பழைய புடவையில் வடிகட்டினார். கார்பரேட்டரில் எண்ணெய் வருகிற சின்ன ஓட்டையை வாயால் ஊதி ஊதிக் கன்னம் வலித்துக் கஞ்சி மட்டும் குடித்தார். வேகத் திருகாணியை ஏற்றி வைத்தால் நிற்காது என்று யாரோ சொன்னார்கள். ஏற்றி வைத்தார். நிற்கவில்லைதான். ஆனால் கியர் போட்டதும் போட் முரட்டு மாடு மாதிரி பாய்ந்து, பின்னால் நின்ற ஆள் கடலில் விழுந்தான். அவனை ஏற்றிக்கொண்டு திருகாணியைப் பழையபடி இறக்கினார்.

இத்தனைக்கும் நடுவில் ஆடி மாதம் வந்தது. எங்கள் குப்பத்தில் ஆடித் திருவிழாவில் அம்மன் கரகத்தை ஒரு போட்டில் ஏற்றி அலைக்கு வெளியே கொண்டுபோவார்கள். அங்கே போட் கரையைப் பார்த்து நிற்க வேண்டும். கற்பூரம் காட்டி மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிற்கவே கூடாது. நின்றால் அம்மனுக்கு மனசில்லை என்று அர்த்தம், அந்த வருடம் முழுக்க அந்த வீட்டைப் பற்றி அதைத்தான் பேசுவார்கள். எந்த போட் என்பது வீட்டு முறைப்படி வரும். அந்த வருடம் எங்கள் முறை. எங்கள் வீட்டுக்கு அது கடைசியாக வந்தபோது நைனாவே சின்னப் பையனாம். எங்களுக்கு அடுத்த முறை மாமாவுடையது.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் குப்பத்துத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, கோச்சிக்காத," என்றார் தலைவர் நைனாவிடம். "அம்மன் ஏறின போட்டுல இஞ்சின் நின்னா ஊருக்கே ஆவாது. இப்போ ஓட்டிக் காட்டு. நிக்காம ஓடிச்சுன்னா உன் போட்டு. இல்லன்னா உன் மச்சான் போட்டு."

மாமா கையைக் கட்டிக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார். அதுவும் கேலிதான் என்று நினைத்தேன்.

நைனா ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் பலகை வைத்து இஞ்சினை மாட்டினார். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. நைனா வேகத்தைக் குறைத்தார். ஏறியது, இறங்கியது, இருமியது, நின்றது. திரும்பவும் சுண்டினார். திரும்பவும் அதே இருமல். அவர் முதுகில் வியர்வை வழிந்தது. நான் அம்மனிடம் நேராகவே பேசிப் பார்த்தேன், மனசுக்குள்தான்.

பக்கத்திலேயே அடி பம்பில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பொங்கல் வைக்கக் கட்டுகிற மஞ்சள் புடவையை அப்போதுதான் அலசிக் கொடியில் போட்டிருந்தாள். இஞ்சின் அடுத்த தரம் இருமியபோது கரியும் எண்ணெயுமாக ஒரு வாய் புகையைத் துப்பியது. அத்தனையும் மஞ்சள் புடவைமேல்.

"ஐயோ, எம் பொடவ!" என்று அம்மா எழுந்தாள். "ரெண்டு மாசமா நீயும் உன் இஞ்சினும்! வூட்ல வேற பேச்சு உண்டா? இந்தா, இதுவும் குளிக்கட்டும்!"

பக்கெட்டில் இருந்த சோப்புத் தண்ணீரை அப்படியே தூக்கி இஞ்சின்மேல் ஊற்றினாள்.

அவ்வளவுதான், இனி இது செத்துப்போயிற்று என்று எல்லோரும் நினைத்தோம். இஞ்சின் நிற்கவில்லை. டுப்பு, டுப்பு, டுப்பு என்று, தூங்குகிறவர் குறட்டை மாதிரி சீராக ஓடியது. நைனா வாயைத் திறந்தபடி நின்றார். பத்து மூச்சு விடுகிற நேரம் ஓடியிருக்கும். நுரை வடிந்ததும் பழைய இருமல் வந்து நின்றுவிட்டது.

கையைக் கட்டியிருந்த மாமா கையை அவிழ்த்தார்.

"இன்னொரு வாட்டி ஊத்து," என்றார் அம்மாவிடம். "மொத்தமா ஊத்தாத. மொள்ளமா, ஒவ்வோர் எடமா ஊத்து. மாப்ள, சுண்டுங்க."

நைனாவிடம் அவர் பேசியதை முதலில் கவனித்தது தலைவர்தான் என்று நினைக்கிறேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

நைனா சுண்டினார். அம்மா மக்கில் நுரையை மொண்டு மேலே ஊற்றினாள். இருமல் போகவில்லை. பக்கவாட்டில் ஊற்றினாள். அப்போதும் போகவில்லை. கார்பரேட்டர் இஞ்சினோடு சேருகிற இடத்தில் ஊற்றினாள். நுரை சர்ரென்று உள்ளே உறிஞ்சப்பட்டது. டுப்பு, டுப்பு, டுப்பு.

"கேஸ்கட்டு!" என்று மாமா துள்ளினார். "காத்து இழுக்குது மாப்ள! கயட்டுங்க அத்த!"

அந்தச் சேருமிடத்தில் காற்றுப் புகாமல் இருக்க கேஸ்கட் என்று ஓர் அட்டை வைப்பார்கள். அது சரியாக மூடாவிட்டால் சந்து வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். வேகமாக ஓடும்போது இஞ்சின் நிறையக் குடிப்பதால் இந்தக் கொசுறுக் காற்று அதற்கு உறைக்காது. மெதுவாக ஓடும்போது அதுவே மூச்சைத் திணறடித்துவிடும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது நைனாவின் முகம் மாறியது மட்டும்தான்.

"அது நல்லாத்தான் கீது," என்றார் நைனா. "போன சர்வீசுல நானே புச்சா வெட்டிப் போட்டேன். அத்தக் கயட்ட வேணாம்."

"புச்சுன்னா காட்டேன், பாப்போம்," என்றார் தலைவர்.

வேறு வழியில்லை. நைனா திருகாணிகளை எடுத்தார். எடுத்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு அன்று முழுக்க அந்த ஒரு வேலைதான் என்று தோன்றும். உள்ளே இருந்து வந்தது ஊறிப்போன ஒரு வட்ட அட்டை. ஒரு பக்கம் கூழாகிக் கிழிந்திருந்தது. மறுபக்கம் சிவப்பு. சிவப்பில் தங்க நிறத்தில் மயில் கழுத்து.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்குள் அலமாரிக்கு மேலே பார்த்தேன்.

மாமா அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது நான் எடுத்துக் குடுத்த வேட்டிப் பொட்டி இல்ல?"

"ஆமா," என்றார் நைனா, தரையைப் பார்த்து. "அட்ட நல்லா திக்கா இருந்துச்சி."

"அப்போ வேட்டி?"

"வேட்டி உள்ளதான் கீது. அத்தத் தொடல."

"மாப்ள, வேட்டிய இடுப்புல கட்டு. பொட்டிய இஞ்சினுக்குக் கட்டாத," என்றார் மாமா.

முதலில் சிரித்தது அம்மா. சோப்புக் கையோடு பம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தலைவர். பிறகு தெரு. கடைசியில் நைனாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புதான்.

மாமா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சரியான கேஸ்கட் ஷீட் கொண்டுவந்தார். இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து வெட்டினார்கள். வெட்டும்போதும் சண்டைதான். "கோணலா வெட்றீங்க மச்சான்." "நீ போட்ட வட்டத்த விட இது வட்டம், வுடு." மாட்டி முடித்துச் சுண்டியதும் இஞ்சின் ஓடியது. வேகத்தைக் குறைத்தார். ஓடியது. இன்னும் குறைத்தார். ஓடியது. தலைவர் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கரகம் எங்கள் போட்டில் ஏறியது. நைனா மாமா கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தார். மடிப்பு கலையாமல் கட்டம் கட்டமாக நின்றது. கரையில் பம்பை மேளம் ஒலித்தது, பெண்கள் குலவையிட்டார்கள். போட் அலைகளை ஏறித் தாண்டி வெளியே போய்த் திரும்பிக் கரையைப் பார்த்து நின்றது. கற்பூரம் காட்டும்போது பம்பையை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில், கரை முழுக்கக் காது கொடுத்து நின்றது. டுப்பு, டுப்பு, டுப்பு. மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் ஒரு இருமல் இல்லை. கரி போகாத மஞ்சள் புடவையில் அம்மா கைகூப்பி நின்றாள். திரும்பும்போது நைனா அலைக்கு வெளியே நின்று நிதானமாக இடைவெளி பார்த்தார். ஒரு முறுக்கு. போட் மணலில் வந்து ஏறியது.

கயிறு இல்லை. எனக்குக் கயிறு என்று பேர் வைத்த பையன் பக்கத்தில்தான் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "பாத்தியா, கயிறே இல்ல!" துணைக்குப் போயிருந்த மாமாவின் போட் எங்களுக்குப் பின்னால் வந்தது. அதன் முனையில் அந்தக் கயிறு சுருட்டியபடி கிடந்தது. மாமாவை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இனி கேலி செய்ய அவருக்கு என்ன இருக்கிறது, கடலில் யாருக்காக நிற்பார் என்று உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

மறுநாள், இரண்டு மாதத்தில் முதல் முறையாக, மாமாவின் போட் எங்களுக்கெல்லாம் முன்னால் கரைக்கு வந்துவிட்டது. முதல் ஏலம் அவர் மீனுக்குத்தான்.